நாயுடு எப்படி ‘நைடூ’ ஆனார்?

திருப்பதியை அடுத்த சந்திரகிரி வட்டாரத்தில் நாராவாரிப்பள்ளி என்றொரு சிற்றூர். ஆந்திர அரசியல் தலைவர் நாரா சந்திரபாபு நாயுடு பிறந்த ஊர். அவர் மகன் பெயர் நாரா லோகேஷ். தந்தை பெயரின் கடைசியில் நிற்கும் ‘நாயுடு’ மகனுக்கு வரவில்லை. முன்னால் நிற்கும் ‘நாரா’தான் இருவருக்கும் பொது.

இனி தென்னாப்பிரிக்காவுக்குப் போவோம். காந்தியின் சத்தியாக்கிரகத்தில் தோளோடு தோள் நின்ற தம்பி நாயுடு 1875-இல் மொரிஷியஸில் பிறந்தவர். அவர் மகன் ராய் நாயுடு. பேரன் இந்திரஸ் நாயுடு, ராபன் தீவுச் சிறையில் பத்தாண்டுகள் இருந்தவர். மூன்று தலைமுறையும் நாயுடு. ஆனால் அந்த நாட்டில் யாரும் அதை நாம் சொல்வதுபோலச் சொல்வதில்லை. ‘நைடூ’ என்கிறார்கள். இரண்டே அசை, கடைசியில் ஊகாரம்.

திருப்பதி, சித்தூர்ப் பக்கத்தார் யாருக்கும் இங்கே மூன்று கேள்விகள் எழும். ஒரு பட்டம் எப்படிக் குடும்பப்பெயர் ஆயிற்று? நடுவிலிருந்த ‘யு’ எங்கே போயிற்று? கடைசியிலிருந்த குறில் ஏன் நெடிலாயிற்று?

‘வெள்ளைக்காரன் வாயில் நுழையவில்லை’ என்பது வழக்கமான பதில். அது கால்வாசிதான் சரி. வாயைவிடக் காதுக்கும், காதைவிடக் காகிதத்துக்கும் இதில் பங்கு அதிகம். மூன்றும் தத்தம் விதிப்படியே வேலை செய்கின்றன. விதிகள் பிடிபட்டுவிட்டால், ஒரு பெயர் கப்பலேறும் முன்பே அது எப்படி மாறும் என்று ஓரளவு கணித்துவிடலாம்.

காதில் இருக்கும் சல்லடை

மனிதக் குரல் எழுப்பக்கூடிய ஒலிகள் ஏராளம். ஒவ்வொரு மொழியும் அவற்றில் சில டஜன்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘இவை மாறினால் பொருள் மாறும்’ என்று வைத்திருக்கிறது. அப்படிப் பொருளை மாற்றும் ஒலிக்கு ‘ஒலியன்’ என்று பெயர். வலி, வழி, வளி என்று நாம் பிரித்துக் கேட்கிறோம் என்றால் ல, ழ, ள மூன்றும் நமக்குத் தனித்தனி ஒலியன்கள்.

நம் மொழியில் இல்லாத ஒலி காதில் விழுந்தால், அதற்கு மிக நெருங்கிய நம்முடைய ஒலியாகவே அதைக் கேட்டுவிடுகிறோம். ரஷ்ய மொழியியலாளர் நிக்கொலாய் துருபெட்ஸ்கோய் இதை ஒரு சல்லடைக்கு ஒப்பிட்டார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1939-இல், வெளியான நூலில் அந்த ஒப்புமை இருக்கிறது. அயல்மொழிப் பேச்சு முழுவதும் தாய்மொழியின் சல்லடை வழியாகத்தான் நம்மிடம் வந்து சேர்கிறது.

சல்லடை எந்த வயதில் இறுகுகிறது? கனடாவின் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் புகழ்பெற்றது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு அவர்கள் ஒலித்துக் காட்டியது இந்தியின் ட, த ஒலிகளை. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பெரும்பாலும் இரண்டையும் வேறுபடுத்தின. பத்து மாதம் தாண்டியவற்றில் மிகச் சில மட்டுமே வேறுபடுத்தின. காது பழுதாவதில்லை, அந்த வீட்டில் தேவைப்படாத வேறுபாட்டைக் கவனிப்பதை மூளை குறைத்துக்கொள்கிறது.

சல்லடை ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதில்லை. சித்தூரில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குகின்றன. மலையடிவார ஊரைத் தமிழர் ‘திருப்பதி’ என்று பகரத்தை அழுத்திச் சொல்வார்கள். தெலுங்கர் சொல்வதில் பகரம் ஒற்றை, ஆனாலும் வலிந்தே ஒலிக்கும். தமிழில் இரு உயிர்களுக்கு நடுவே ஒற்றையாக வரும் பகரம், ‘கோபம்’ என்பதில் போல மெலிந்துவிடும். ‘கப்பல்’ போல வலிந்து ஒலிக்க அது இரட்டித்தாக வேண்டும். ஒரே ஊரின் பெயரை இரு மொழிகளும் தத்தம் சல்லடைக்கு ஏற்ப வைத்திருக்கின்றன.

அரை, ஒன்று, இரண்டு

இப்போது ‘நாயுடு’வைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஒலியாகப் பார்ப்போம்.

முதலில் கடைசி உகரம். தமிழர் வாயில் அது குற்றியலுகரம். உதடு குவியாமல், அரை மாத்திரை அளவே ஒலிக்கும். தொல்காப்பியம் இதற்காகவே ஒரு தனி இயல் ஒதுக்கியிருக்கிறது. தெலுங்கர் வாயில் அதே உகரம் முழுமையாக, உதடு குவிந்து, ஒரு மாத்திரைக்கு ஒலிக்கும். ஆங்கிலத்தில்? அங்கே சொல்லின் இறுதியில் குறில் உகரம் வரவே வராது. ஷூ, ப்ளூ, மென்யூ என்று எல்லாம் நெடில்தான். ‘மென்யூ’வை நாம் ‘மெனு’ என்று குறுக்கினோம். நாயுடுவை அவர்கள் நீட்டினார்கள். அரை மாத்திரை, ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை என்று மூன்று மொழிகளில் மூன்று அளவு.

அடுத்து நடுவிலுள்ள ‘யு’. தமிழிலும் தெலுங்கிலும் ஒவ்வொரு அசையும் ஏறக்குறைய அதனதன் அளவோடு ஒலிக்கும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓர் அசையே ஓங்கி நிற்கும். இதை ‘அழுத்தம்’ என்போம். அழுத்தம் பெறாத உயிரொலிகள் மங்கும். சில சமயம் மறைந்தேவிடும். நா-யு-டு என்பதில் அழுத்தம் ‘நா’ மேல் விழுந்தால் ‘யு’வின் உகரம் மங்குகிறது. மிஞ்சும் யகரம் முன்னாலுள்ள ஆகாரத்தோடு சேர்ந்தால், ‘மை’, ‘ஸ்கை’ என்பவற்றில் ஆங்கிலேயருக்கு நன்கு பழகிய ‘ஐ’ கிடைக்கிறது. மூன்று அசை இரண்டாயிற்று.

கடைசியாக டகரம். நாவை மேலே வளைத்து நாம் சொல்லும் ட ஆங்கிலத்தில் இல்லை. அவர்களுடைய ஒலி நா நுனி பல்லின் மேல் ஈற்றைத் தொட்டுப் பிறப்பது. ஆனால் அதை நாம் கேட்கும்போது டகரமாகவே கேட்கிறோம். ‘டாக்டர்’ என்று எழுதுகிறோமே தவிர ‘தாக்தர்’ என்று எழுதுவதில்லை. ஆகவே நாயுடுவின் டகரம் கடல்கடந்து உண்மையில் மாறியிருந்தாலும், மாறாததுபோல நமக்குக் கேட்கிறது.

மாற்றம் மூன்று இடங்களில் நடந்திருக்கிறது. ஒன்றுகூடத் தற்செயலில்லை.

ஊரை விட்டு நகராத ஊர்

ஒரே ஒரு பெயருக்குப் பொருந்துவதை விதி என்று சொல்ல முடியாது. அழுத்தம் பெறாத உயிர் மறையும் என்பதைச் சோதித்துப் பார்க்கத் திருப்பதியே போதும். கிழக்கிந்தியக் கம்பெனியின் பதிவுகளில் இந்த ஊர் ‘ட்ரிபெட்டி’. 1801 முதல் 1843 வரை கோயில் நிர்வாகம் கம்பெனியின் கையில்தான் இருந்தது. வருமானத்தைக் கணக்குப் பார்த்தவர்கள் ஊர்ப்பெயரை இப்படித்தான் எழுதினார்கள். தகரத்துக்கும் ரகரத்துக்கும் நடுவிலிருந்த உயிர் நசுங்கிவிட்டது.

திருவல்லிக்கேணி ‘ட்ரிப்ளிகேன்’ ஆனதும், திருச்சிராப்பள்ளி ‘ட்ரிச்சினாப்பொலி’ ஆனதும், திருவிதாங்கூர் ‘ட்ராவங்கூர்’ ஆனதும் இதே நசுக்கல்தான். ர, ல ஒலிகளுக்குப் பக்கத்தில் நிற்கும் மங்கிய உயிர் முதலில் பலியாகும்.

ஆட்பெயர்களிலும் அப்படியே. மேற்கிந்தியத் தீவுகள் அணிக்காக ஆடிய கயானா சுழற்பந்து வீச்சாளர் வீராசாமி பெர்மால். அவர் பெயரின் பிற்பாதி நம் ‘பெருமாள்’. ரகரத்துக்குப் பின்னிருந்த உகரத்தைக் காணோம், ளகரம் லகரமாகிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் ‘மூட்லி’ நம்முடைய முதலி. மு-த-லி என்ற மூன்றில் நடு அசையின் அகரம் போயிற்று. அழுத்தம் விழுந்த ‘மு’ நீண்டது. திருப்பதி எங்கும் போகவில்லை. முதலி கடல் தாண்டினார். இருவருக்கும் நேர்ந்தது ஒன்றே.

கப்பலேறும் முன்பே

அமெரிக்காவில் ஒரு நம்பிக்கை உண்டு. நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரிகள்தான் வந்தவர்களின் பெயர்களை மாற்றினார்கள் என்பது. உண்மையில் அங்கே அதிகாரிகள் கையில் இருந்த பயணிகள் பட்டியல், கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் நிறுவனங்கள் எழுதியது. அதிகாரிகள் அதைச் சரிபார்த்தார்கள்.

நம் கதையும் அதுதான். மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை, ஒரு லட்சத்து 52 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவிலிருந்து டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸ் வழியே போனவர்கள். அவர்களில் கணிசமானோர் வட ஆற்காடு மாவட்டத்தார். அந்நாளில் அம்மாவட்டத்தின் தலைநகரம் சித்தூர். தனிச் சித்தூர் மாவட்டம் 1911-இல்தான் பிறந்தது.

கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பிறகு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உயரம், உடலிலுள்ள அடையாளம். குடும்பப்பெயருக்கு என்று ஒரு கட்டம் கிடையாது. வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒற்றைப் பெயர்தான்: முனுசாமி, செங்கம்மா, வெங்கடசாமி. புதிய நாட்டில் நிலம் வாங்கவும், திருமணத்தைப் பதியவும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும் இரண்டாவது பெயர் ஒன்று கேட்டார்கள். சிலர் தகப்பன் பெயரைச் சொன்னார்கள். சிலர் சாதிப் பட்டத்தைச் சொன்னார்கள். எதைச் சொன்னாலும் அது அந்தத் தலைமுறையோடு நிற்காமல் பேரன், பேத்திவரை இறங்கியது. நாராவாரிப்பள்ளியில் மகனுக்கு இறங்காத நாயுடு, டர்பனில் இறங்கிய காரணம் இதுதான்.

எழுத்து காட்டிக்கொடுக்கும் காலம்

தென்னாப்பிரிக்க நாயுடுக்கள் தம் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் இரட்டை ‘ஓ’ போடுகிறார்கள். ஆந்திராவில் ஒற்றை ‘யு’. டர்பன்காரர்கள் மாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். நடந்தது தலைகீழ்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு மதராஸில் உகரத்துக்கு இரட்டை ‘ஓ’ போடுவதே வழக்கம். அக்கால அரசு ஆவணங்களிலும் கடைப் பலகைகளிலும் நாயுடுக்கள் அப்படித்தான் எழுதப்பட்டார்கள். 1870-களில் வில்லியம் வில்சன் ஹன்ட்டர் வகுத்த எழுத்துபெயர்ப்பு முறையை இந்திய அரசு ஏற்றது. உகரத்துக்கு ‘யு’, இகரத்துக்கு ‘ஐ’ என்று ஒழுங்கு வந்தது. இந்தியாவில் ஆட்பெயர்கள் மெல்ல மெல்ல அதைப் பின்பற்றின. கடல் தாண்டிய பெயர்களோ புறப்பட்ட நாளின் எழுத்துக்கூட்டலிலேயே நின்றுவிட்டன. மாறியது ஊரிலிருந்த நாம். நாமும் முழுக்க மாறவில்லை. சித்தூர் இன்றும் ஆங்கிலத்தில் பழைய இரட்டை ‘ஓ’வோடுதான் இருக்கிறது.

பிஜி இதற்கு நல்ல ஒப்பீடு. மதராஸிலிருந்து பிஜிக்குக் கப்பல் போகத் தொடங்கியதே 1903-இல்தான். அங்கும் வட ஆற்காட்டார் ஏராளம். பிஜியில் நாயுடுவுக்கு ‘யு’. கவுண்டரும் முதலியாரும் நமக்கு அடையாளம் தெரியும்படியே இருக்கிறார்கள். நேட்டாலிலோ முன்னே போன குடும்பங்களின் எழுத்துக்கூட்டலே வழக்காகிவிட்டது. அங்கே கவுண்டர் ‘கோவெண்டர்’. அதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘கவுண்டர்’ என்று நாம் எழுதும்போது நடுவே ஒரு வகரம் இருக்கிறது. நம்முடைய ஆங்கில எழுத்தில் அது இல்லை, டர்பனில் இருக்கிறது.

எழுத்து நின்றுவிட்டதே தவிர, உச்சரிப்பு நிற்கவில்லை. முதல் தலைமுறை வீட்டில் ‘நாயுடு’ என்றே அழைத்திருக்கும். எழுத்து அவர்களுக்கு வெறும் பதிவு. நேட்டால் இந்தியர்களிடம் இருபதாம் நூற்றாண்டில் ஆங்கிலம் வீட்டுமொழியாயிற்று. தமிழும் தெலுங்கும் பாட்டி, தாத்தாவோடு சுருங்கின. அப்போது பேரக் குழந்தைக்குத் தன் பெயர் முதலில் அறிமுகமானதே பள்ளி வருகைப் பதிவேட்டில்தான். ஆசிரியர் எழுத்தைப் பார்த்து ஆங்கில விதிப்படி வாசித்தார். இதை ‘எழுத்துவழி உச்சரிப்பு’ எனலாம். காது வழியே போன பெயர் கண் வழியே திரும்பி வந்தது. இன்று டர்பனில் ‘நைடூ’ என்பதே சரியான உச்சரிப்பு. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்களே அப்படிச் சொல்லும்போது, அதைப் பிழை என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

வேறு காது, வேறு பெயர்

எழுதியவர் பிரெஞ்சுக்காரராக இருந்திருந்தால்? 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியே கரீபியனின் குவாதலூப் தீவுக்குத் தமிழர் போனார்கள். முத்துசாமி அங்கே ‘மூதூஸாமி’ ஆனார். பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் குவாதலூப் உறுப்பினராக இருந்த எர்னெஸ்ட் மூதூஸாமி அந்த மரபினர். அவர் பெயரில் இரண்டு ‘எஸ்’ உண்டு. பிரெஞ்சில் உயிர்களுக்கு நடுவே ஒற்றை ‘எஸ்’ வந்தால் அது ‘ஸ’வாக ஒலிக்காமல் மெலிந்துவிடும். எழுத்தர் நம் ஒலியைக் காப்பாற்றவே இரண்டாவது எழுத்தைச் சேர்த்திருக்கிறார். தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணியின் செனுரன் முத்துசாமிக்கு ஒற்றை ‘எஸ்’ போதும். வேர் ஒன்று, பிரித்தது எழுத்தரின் காது.

எந்தத் துண்டு மிஞ்சும்?

ஒலி மட்டுமில்லை, பெயரின் உறுப்புகளும் இடம் மாறும். தெலுங்கில் ‘இண்டிபேரு’, அதாவது வீட்டுப்பெயர், முன்னால் வரும். ஐரோப்பியருக்குக் குடும்பப்பெயர் பின்னால் வரும். இந்த இரண்டும் மோதினால் என்ன ஆகும் என்பதற்குச் சித்தூர்ப் பக்கத்திலேயே இரண்டு பெரியவர்கள் சாட்சி.

மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்த ஜிட்டு கிருஷ்ணமூர்த்திக்கு ‘ஜிட்டு’தான் குடும்பப்பெயர். கலிபோர்னியாவின் ஓஹாயில் வாழ்ந்த அவரை மேலை நாட்டார் ‘கிருஷ்ணமூர்த்தி’யைக் குடும்பப்பெயராக வைத்தே அறிந்தார்கள். 1888-இல் திருத்தணியில் பிறந்து, திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்த சர்வேபள்ளி ராதாகிருஷ்ணனுக்கு, நெல்லூர்ப் பக்கத்துச் சர்வேபள்ளிக் கிராமமே குடும்பப்பெயர். ஆக்ஸ்ஃபோர்டில் அவர் ‘பேராசிரியர் ராதாகிருஷ்ணன்’. நூலகப் பட்டியலில் இருவரும் தம் சொந்தப் பெயரின் எழுத்திலேயே வரிசைப்பட்டிருக்கிறார்கள்.

இன்று அமெரிக்கா போகிறவர்களுக்கு இது நேராகிவிட்டது. கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்குக் கட்டம் இருக்கிறது. இண்டிபேரு அதில் சரியாகப் போய் உட்கார்கிறது. எனவே புதிய அலையில் நசுங்குவதும் நீள்வதும் வீட்டுப்பெயர்தான்.

த தப்புவதில்லை

ஆந்திராவின் அனந்தப்பூர் மாவட்டத்தின் புக்காபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்டது மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெள்ளாவின் குடும்பம். தெலுங்கில் ‘நாதெள்ள’. முதலில் நெடில், பிறகு பல்லைத் தொடும் தகரம், பிறகு இரட்டித்த ளகரம்.

இதுவரை பார்த்த விதிகளை ஓட்டிப் பாருங்கள். ஆங்கிலத்தில் இந்த வடிவச் சொற்களுக்கு ஈற்றுக்கு முந்திய அசையில் அழுத்தம் விழும்; ‘அம்ப்ரெல்லா’ என்பது போல. எனவே ‘தெ’ ஓங்கும், ‘நா’ மங்கி ‘ந’ ஆகும். ஒரு சொல்லுக்குள் மெய்யை இரட்டித்து ஒலிக்கும் பழக்கம் ஆங்கிலத்தில் இல்லை. எனவே ‘ள்ள’ ஒற்றை லகரமாகும். ஆங்கில ‘டி’ எழுத்து டகரமாக ஒலிக்கும். விடை ‘நடெல’. அமெரிக்கர் சொல்வதும் ஏறக்குறைய அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. ஆங்கிலச் செய்தியைப் பார்த்துத் தமிழில் எழுதியவர்கள் ‘நாடெல்லா’ என்று எழுதினார்கள். அனந்தப்பூரிலிருந்து நேரே நடந்து வந்திருந்தால் தகரத்தோடு வந்திருக்கும் பெயர், அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு டகரத்தோடு வந்தது. நாயுடுவின் ட போய்த் திரும்பினாலும் நமக்கு ட-வாகவே கேட்கும். நாதெள்ளவின் த போனால் ட-வாகத்தான் திரும்பும். வெர்க்கரும் டீஸும் குழந்தைகளிடம் சோதித்த அதே வகை வேறுபாடுதான் இது.

எதைக் காப்பாற்றலாம்?

அடுத்த ஆண்டு சித்தூரிலிருந்து டல்லாஸுக்கோ மெல்போர்னுக்கோ போகும் குடும்பம் தன் பெயரை எந்த அளவுக்குக் காப்பாற்ற முடியும்? நடைமுறைக்கு உதவும் பதில் உண்டு.

அழுத்தத்தைச் சொல்லிக்கொடுக்க முடியும். ‘முதல் அசையை ஓங்கிச் சொல்லுங்கள்’ என்றால் எந்த ஆங்கிலேயருக்கும் புரியும், செய்யவும் முடியும். அது சரியானால் மங்கிய உயிர்களில் பாதி பிழைத்துவிடும். நெடில் எங்கே, குறில் எங்கே என்பதையும் எழுத்துக்கூட்டலால் ஓரளவு காட்டலாம். பிரெஞ்சு எழுத்தர் இரண்டு ‘எஸ்’ போட்டு ஸகரத்தைக் காப்பாற்றியதும் எழுத்துக்கூட்டலால்தான். லிங்க்ட்இன் போன்ற தளங்கள் 2020 முதல் உங்கள் பெயரை உங்கள் குரலிலேயே பதிந்து வைக்க இடம் தருகின்றன. மதராஸ் பதிவேட்டில் இல்லாத கட்டம் அது.

த-ட வேறுபாட்டையும் ழகர, ளகரத்தையும் வளர்ந்தவர்களிடம் எதிர்பார்ப்பது அதிகம். பத்து மாதத்தில் இறுகிய சல்லடையை அலுவலகக் கூட்டத்தில் தளர்த்த முடியாது. அதே காரணத்தால், அந்த ஒலிகளைக் காப்பாற்றும் இடம் வீடுதான். பிறந்தது முதல் அவற்றைக் கேட்டு வளரும் குழந்தை, பள்ளியில் ‘நடெல’ என்றும் வீட்டில் ‘நாதெள்ள’ என்றும் இரண்டு உச்சரிப்பையும் சிரமமில்லாமல் வைத்துக்கொள்ளும். டர்பனில் நாயுடு நைடூவானது பள்ளிக்கூடத்தில் என்றாலும், அதை முடித்துவைத்தது வீட்டுமொழி மாறியதே.